என் கால் தேய்த்த இடம்

போன புதன்கிழமை மதியம் எண்ணூர் ரோட்டில் ஒரு பெண்மணி டிராஃபிக் ஜாம் தேடி அலைந்தாள்.

தப்பாகப் படிக்கவில்லை நீங்கள். ஜாமில் மாட்டிக்கொள்ளவில்லை... தேடினாள்! விம்கோ நகரிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை. அங்கே திரும்பி மறுபடி ஒரு தடவை. ரோடு கழுவி விட்டது மாதிரி காலியாகக் கிடந்தது. ஒரு கன்டெய்னர் லாரியாவது எதிரே வந்து வழியை அடைக்காதா என்று ஏங்கியபடி, காருக்குள் தனியாகப் புலம்பிக்கொண்டே போனாள்.

அந்தப் பைத்தியக்காரி அடியேன்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இதைப் படித்ததும் தலை சுற்றும். இதே ரோட்டையும் இதே லாரிகளையும் நான் எத்தனை வாரம் திட்டித் தீர்த்திருக்கிறேன்! எண்ணூர் பக்கம் ஆபீஸ், வீடு விம்கோ நகர். தினமும் போக ஒரு யுகம், வர ஒரு யுகம். முன்னால் ஒரு கன்டெய்னர், பின்னால் ஒரு கன்டெய்னர், பக்கத்தில் ஒரு கன்டெய்னர். நடுவில் என் சின்ன கார். அது ஓடாது, ஊரும். அப்படிப்பட்ட ரோட்டில் நான் ஜாமுக்கு ஏங்கினேன் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?

காரணம், என் தங்கை பியூலாவின் கல்யாணம்.

ராயபுரத்தில் எங்கள் அம்மா வீட்டிலிருந்து சர்ச்சுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் கல்யாணப் பெண் அப்படிச் சும்மா போய்விட முடியுமா? முன்னால் பேண்டு வாத்தியம் போகும். அதற்குப் பின்னால் சொந்தக்காரப் பையன்கள் ஆடிக்கொண்டு போவார்கள். அதற்குப் பின்னால்தான் பூ அலங்காரத்தோடு பெண்ணின் கார். பேண்டுக்காரர் நடக்கிற வேகத்தில் கார் ஊர வேண்டும். ஒவ்வொரு முனையிலும் அவர்கள் நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள், காரும் நிற்க வேண்டும். பத்து நிமிஷ வழி முக்கால் மணி நேரம் ஆகும். அது எங்கள் பக்கத்துப் பழக்கம்.

நிச்சயதார்த்தம் முடிந்த அன்றே பியூலா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

“அப்பா இருந்திருந்தா அப்பாதான் வண்டி ஓட்டியிருப்பாங்க. அப்பா வண்டியில நீதான்க்கா என்னைக் கூட்டிட்டுப் போகணும். வேற யார் ஓட்டினாலும் நான் ஏற மாட்டேன்.”

அப்பா வண்டி என்று அவள் சொன்னது என் கார்தான். வண்ணாரப்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருந்த அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. பதிமூன்று வயசு அதற்கு. அப்பா போனபிறகு ஐந்து வருஷமாக என் கையில் இருக்கிறது. சரி என்று சொன்னேன். அன்று முதல் தினமும் ஆபீஸ் போகும்போதெல்லாம் மனசுக்குள் பேண்டு சத்தம்தான்.

இந்தக் கார்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் விக்கல் எடுக்க ஆரம்பித்தது.

வேகமாகப் போனால் ஒன்றுமில்லை. லாரிக்குப் பின்னால் மெதுவாக ஊரும்போது மட்டும் ஒரு குலுக்கு. அப்புறம் இன்னொரு குலுக்கு. மூன்றாவதில் ஆஃப்! பின்னாலிருந்து டிரெய்லர்காரர் அடிக்கிற ஹாரனில் காது கிழியும். சாவியைத் திருகி மறுபடி எடுத்தால் அடுத்த லாரியின் வால் வரைக்கும் போகும். மறுபடி குலுக்கு.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் செல்வினிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோடு காலியாக இருக்கும்போது எடுத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பறந்து போய்ப் பறந்து வந்தார். இறங்கி, சாவியை மேஜையில் போட்டுவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் ஓட்டுறப்போ நல்லாத்தான் ஓடுது.”

கூடவே ஓர் இலவச ஆலோசனை. கிளட்ச்சை மெதுவாக விட வேண்டுமாம். ஐந்து வருஷமாகக் கன்டெய்னர்களுக்கு நடுவே கார் ஓட்டுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் சொல்கிற ஆலோசனை... எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் தண்டையார்பேட்டையில் எங்கள் மெக்கானிக் தாஸிடம் விட்டேன். தாஸ் கெட்டிக்காரர். பொய் சொல்ல மாட்டார், தேவையில்லாமல் எதையும் கழற்ற மாட்டார். எனக்குத் தம்பி வயசு, அக்கா அக்கா என்று உயிரை விடுவார். அவரும் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். வந்து என்ன சொன்னார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

“நான் ஓட்டுனா நல்லாத்தான் ஓடுதுக்கா.”

இருந்தாலும் எனக்காக பிளக் மாற்றினார். அடுத்த வாரம் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார். அதற்கடுத்து, ஏதோ அழுக்கு அடைத்திருக்கும் என்று ஸ்ப்ரே அடித்து உள்ளே சுத்தம் செய்தார். ஒவ்வொரு தடவையும் காரை எடுத்து வந்த நாளில் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது மாதிரிதான் தோன்றும். மறுநாள் காலையில் முதல் கன்டெய்னருக்குப் பின்னால் போய் நின்றதும் விக்கல். கடைசியில் ஸ்கேனரை மாட்டி இன்ஜினின் கம்ப்யூட்டரையே கேட்டுவிட்டார். கம்ப்யூட்டரும் ஒரு குறையும் இல்லை என்றது. ஆக, அதுவும் அவர்கள் கட்சி!

விஷயம் எங்கள் பெரியப்பா காதுக்குப் போனது. அப்பாவுக்கு மூத்தவர், குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். அவரும் ஒரு நாள் வந்து காரை எடுத்துத் தெருவைச் சுற்றி ஒரு விரட்டு விரட்டினார். அவர் சொன்ன வாக்கியத்தை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை.

“மூணு ஆம்பளைங்க ஓட்டிப் பாத்தாச்சு, வண்டில ஒண்ணும் இல்ல,” என்று ஹாலில் உட்கார்ந்து தீர்ப்பு வாசித்தார். “ரோட்டு நடுவுல, பேண்டுக்குப் பின்னால, பொண்ணை வெச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? ஒரு டிரைவரைப் போட்டுருவோம் பிள்ள.”

பியூலா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் சரியாக ஓட்டவில்லையோ? வயசாகிக் கால் நிதானம் போய்விட்டதோ? அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், காரைத் தொடுவதையே விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வாரம் எலெக்ட்ரிக் டிரெயினில் ஆபீஸ் போனேன். ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் வரிசையைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

கல்யாணம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் பியூலாவின் பிளவுஸ் வாங்க வண்ணாரப்பேட்டை போனேன். தைத்தவர் மெஹ்ரு அக்கா. வீட்டு முன்னறையில் இரண்டு மோட்டார் மெஷின் போட்டு, கல்யாண பிளவுஸ் மட்டும் தைக்கிறவர். கழுத்தில் லேஸ் வைத்துத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் போனபோது பியூலாவின் கழுத்து லேஸில்தான் இருந்தார். முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

மெஷின் வழுக்கிக்கொண்டு போனது. திடீரென்று ஒரு குலுக்கு. நின்றது. மறுபடி ஒரு குலுக்கு.

எங்கேயோ பார்த்த குலுக்கல் மாதிரி இல்லை?

மெஹ்ரு அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. காலால் பெடலை ஓரமாகத் தள்ளினார். ஷெல்ஃபிலிருந்து வேறு ஒரு பெடலை எடுத்து ஒயரைச் செருகினார். மெஷின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அந்தப் பழைய பெடலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வேகமா மிதிச்சா நல்லா ஓடும். எங்கூட்டுக்காரரு மிதிச்சுப் பாத்துட்டு நல்லாத்தான் கீதுன்னுவாரு,” என்று சிரித்தார். “நான் செய்றது லேஸ் வேலை. எப்பவும் மெதுவாத்தான் மிதிப்பேன். கால் ஒரே எடத்துல நின்னுகினு கீது இல்ல? உள்ள அந்த எடம் மட்டும் தேஞ்சி பூடும். மத்த எடம்லாம் புதுசு. அவரு கால் அந்த எடத்துல நிக்காது, தாண்டிப் பூடும். அவருக்கு எங்க தெரியும்?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். சோடா வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார் பாவம், எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து.

மயக்கமாவது ஒன்றாவது! ஐந்து வருஷமாக நான் செய்ததும் லேஸ் வேலைதானே? கன்டெய்னருக்குப் பின்னால் லேசாக, மிக லேசாக, ஒரே அளவில் மிதித்துக்கொண்டு... செல்வினும் தாஸும் பெரியப்பாவும் அந்த இடத்தில் காலை வைத்ததே கிடையாது. ஒரே மிதி, தாண்டிப் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். காலையில் தாஸின் ஷெட் திறக்கும்போதே காரோடு வாசலில் நின்றேன். பெடலை நான் எவ்வளவு மிதிக்கிறேன் என்று இந்தக் காரில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். தாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்தார். ஆக்ஸிலரேட்டர் கேபிள் வந்து சேருகிற இடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன கறுப்பு டப்பாவைக் காட்டினார். தீப்பெட்டி சைஸ். தீப்பெட்டி கம்பெனி இருந்த விம்கோ நகர்க்காரிக்கு வேறு என்ன அளவு தெரியும்?

அதன் பெயர் த்ராட்டில் பொசிஷன் சென்சார். நாம் பெடலை மிதித்தால் காற்று போகிற வழி திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று இந்த டப்பா கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டர். டப்பா உளறினால் அதுவும் தப்பாக அளக்கும். உள்ளே ஒரு கரித் தடம், அதன்மேல் உரசிக்கொண்டே ஓடுகிற ஒரு மெல்லிய தகடு, அவ்வளவுதான் என்றார். என் கண்ணுக்கு மெஹ்ரு அக்காவின் பெடல்தான் தெரிந்தது.

தாஸுக்கு நம்பிக்கை இல்லை. இது போயிருந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கும், ஸ்கேனர் சொல்லியிருக்கும் என்றார். நான் விடவில்லை. கல்யாணம் நாளை மறுநாள் என்றேன். பேண்டைப் பற்றிச் சொன்னேன், பியூலா சொன்னதையும் சொன்னேன். தாஸ் தலையைச் சொறிந்துகொண்டே மீட்டர் தேடப் போனார்.

இங்கேதான் அதிர்ஷ்டம். நம்பர் காட்டுகிற புது மீட்டரைப் பக்கத்து ஷெட்காரர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். இருந்தது ஒரு பழைய முள் மீட்டர். முன்பக்கக் கண்ணாடியில் விரிசல் வேறு. நம்பர் மீட்டர் என்றால் எண்கள் தாவித் தாவித்தான் மாறும், ஒரு நொடிக்கும் குறைவாக வந்து போகிற பிசகு அதில் தப்பிப் போயிருக்கும் என்று தாஸே பிற்பாடு சொன்னார். கம்ப்யூட்டரிடமும் அப்படித்தான் தப்பியிருக்கிறது. முள் அப்படி இல்லை. விழுந்தால் விழுந்தது கண்ணுக்குத் தெரியும்.

சாவியை மட்டும் போடச் சொன்னார், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. சென்சாரின் ஒயரில் மீட்டரை மாட்டி, பானெட்டுக்குள் கையை விட்டு கேபிளை ஒரு இழுப்பு இழுத்தார். முள் சரசரவென்று ஏறியது. விட்டார், இறங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை.

“பாருக்கா, எவ்ளோ அழகா ஏறுது. இதுல ஒண்ணும் இல்ல.”

நான்காவது தடவையாக ஓர் ஆம்பளை அந்த இடத்தைத் தாண்டிப் போகிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகருங்கள், நான் மிதிக்கிறேன் என்றேன்.

காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். சீட் பெல்ட் போட்டேன். ஹேண்ட்பேகைக்கூடப் பக்கத்து சீட்டில் வழக்கமான இடத்தில் வைத்தேன். தாஸ் பானெட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தார், மீட்டரைப் பார்த்தபடி. நான் கண்ணை மூடினேன். எதிரே ஒரு கன்டெய்னர். துருப்பிடித்த இரட்டைக் கதவு, பின்னால் ஆடுகிற எலுமிச்சம்பழம், மிளகாய். அது ஓர் அடி நகர்கிறது. நானும் ஓர் அடி...

லேசாக மிதித்தேன்.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து தாஸின் தலை எட்டிப் பார்த்தது.

“அக்கா. இப்ப இன்னா பண்ணே?”

ஒன்றும் பண்ணவில்லை, வழக்கமாக மிதிக்கிற மாதிரி மிதித்தேன் என்றேன். அப்படியே இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இன்னொரு தடவை. அதையும் செய்தேன். தாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“முள்ளு ஏறிக்கினே வந்து, டபால்னு கீழ வியுந்து, அப்பால ஏறுதுக்கா. மூணு வாட்டியும் ஒரே எடம்.” மீட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “கோளாறு வண்டிலதான் கீது. உன் கால்ல இல்ல. மன்னிச்சிக்கோ.”

சீட் பெல்ட் போட்டபடியே அழுதேன். அழுகைதான் வந்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுது ரொம்ப நாள் ஆயிற்று. தாஸ் பயந்துபோய் டீ சொன்னார்.

புது சென்சார் மறுநாள்தான் வரும் என்றது ஸ்பேர்ஸ் கடை. புதன்கிழமை மதியம் வந்தது, மாட்டி முடித்தார். கழற்றிய பழையதைச் சும்மா விட மனசில்லாமல் இருவரும் அதைப் பெயர்த்துத் திறந்தோம். உள்ளே அந்தக் கரித் தடம். ஆரம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அரிசி அகலத்துக்கு ஒரு வழுக்கை. மீதித் தடம் முழுக்கக் கன்னங்கரேலென்று புத்தம் புதுசு.

“அஞ்சு வருசமா இங்கியேதான் காலை வெச்சிகினு கீறே,” என்றார் தாஸ், மரியாதையோடு.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணூர் ரோட்டில் நான் காத்திருந்த அத்தனை மணி நேரமும் அந்த அரிசி அகலத்தில் இருந்தது. போட்டோ எடுத்து செல்வினுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி!

“அப்போ கடைசில உன் காலாலதானே போச்சு?”

இந்த மனுஷரை என்ன செய்யலாம், சொல்லுங்கள்?

தாஸ் ஒரு நிபந்தனை போட்டார். நாளைக்குப் பேண்டுக்குப் பின்னால் போகிற வண்டி, அதனால் இன்றைக்கே நிஜமான ஜாமில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்துவிட வேண்டும் என்றார். அப்படித்தான் நான் ஜாம் தேடிக் கிளம்பினேன். ஐந்து வருஷமாக ஒரு நாள்கூட என்னைக் கைவிடாத ரோடு, அன்று பார்த்துக் காலை வாரியது. போக வர இரண்டு தடவை அலைந்து, கடைசியில் துறைமுகத்துக்குத் திரும்புகிற இடத்தில் கண்டுபிடித்தேன். ஆகா! ஓரமாக ஒரே வரிசையில் இருபது முப்பது கன்டெய்னர்கள், கேட் திறக்கக் காத்துக்கொண்டு ஊர்ந்தன. பக்கத்தில் பாதி ரோடு காலி. நான் இன்டிகேட்டர் போட்டு, முறையாக வரிசையில் போய் நின்றேன்.

முன்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கியே வந்துவிட்டார்.

“அக்கா, நீ போற வழி அந்தாண்ட ஃப்ரீயா கீது. இங்க இன்னாத்துக்கு நிக்கிறே?”

வண்டி டெஸ்ட் பண்றேன் தம்பி என்றேன். தங்கைக்குக் கல்யாணம், பேண்டு, சென்சார் என்று முழுக் கதையையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. போய் ஏறிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு தடவை வரிசை நகரும்போதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஓடுதா என்று சைகையில் கேட்பார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். முப்பத்தைந்து நிமிஷம். ஒரு குலுக்கு இல்லை, ஒரு விக்கல் இல்லை. ஜாமில் ஹாரன் அடித்துச் சந்தோஷத்தைக் கொண்டாடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சென்சார் கிடக்கட்டும். எனக்கு அந்த வாக்கியம்தான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. “நான் ஓட்டுறப்போ நல்லாத்தான் ஓடுது.” இதை எத்தனை இடத்தில் கேட்கிறோம்? அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அவரவர் காலுக்கு நன்றாகத்தான் ஓடியது. ஒருத்தர் ஒரு குறை சொல்கிறார் என்றால் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவர் மிதிக்கிற மாதிரி மிதித்துப் பார்த்தால்தானே முள் விழுவது தெரியும்?

பெரிசாகப் பேசிவிட்டேன். நான் மட்டும் ஒழுங்கா? போன வருஷம் என் மகள் ஸ்கூல் பேக் வலிக்கிறது என்று அழுதாள். நான் ஒரு கையால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெயிட்டாகவே இல்லையே என்றேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பார்க்கவில்லை. அன்று ஜாமில் நிற்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் மன்னிப்பு கேட்டேன். எதற்கு என்றே அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் ஒரு ஐஸ்க்ரீமுக்கு மன்னித்துவிட்டாள்.

வியாழக்கிழமை. அப்பாவின் கார் மல்லிகையும் ரோஜாவுமாக நின்றது. பின் சீட்டில் பியூலா, மெஹ்ரு அக்கா வைத்த லேஸ் கழுத்தோடு. டிரைவர் சீட்டில் நான், பட்டுப் புடவையும் வெறுங்காலுமாக. பெரியப்பா கடைசி வரைக்கும் நம்பவில்லை. வாடகை டிரைவர் ஒருவரை வெள்ளைச் சட்டையோடு என் ஜன்னல் பக்கமாகவே நடந்து வர ஏற்பாடு செய்திருந்தார். நின்றால் உடனே மாற்றிக்கொள்ளவாம்!

பேண்டு கிளம்பியது. டிரம் அடி வயிற்றில் விழுந்தது. நான் லேசாக மிதித்தேன்... அதே அளவு, அதே இடம்.

கார் ஊர்ந்தது. என்ன ஊர்தல் அது! பையன்கள் ஆட, பேண்டுக்காரர் திரும்பி நின்று எங்களைப் பார்த்து ஊத, மாடியிலிருந்தெல்லாம் கை காட்டினார்கள். முதல் முனை, இரண்டாவது முனை, மார்க்கெட் திருப்பம். நின்றோம், கிளம்பினோம், நின்றோம். ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. மூன்றாவது முனையில் வெள்ளைச் சட்டை டிரைவரைக் காணோம். பார்த்தால் முன்னால் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார். வேலை இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது போல.

சர்ச் தெருவுக்குள் திரும்பும்போது பின்னாலிருந்து பியூலா என் தோளைத் தொட்டாள்.

“அக்கா... அப்பா வீட்டுக்கு வர்றப்போ அடிப்பாங்களே, அந்த மாதிரி ஒரு ஹாரன் அடிக்கா.”

இரண்டு குட்டி, ஒரு நீளம். அடித்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேர் மேக்கப்பும் கலைந்துவிடும்.

சர்ச் வாசலில் பியூலா இறங்கிப் போய் ஐந்து நிமிஷம் ஆயிற்று. எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்க வேண்டிய செல்வினைக் காணவில்லை. பெரியப்பாவின் புது காரில் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஊர்வலத்தில் இரண்டாவது வண்டியாக வந்தவர். ஒருவழியாக வந்து சேர்ந்தார். கோட்டு நனைந்து முகமெல்லாம் வேர்வை. பேண்டு வேகத்துக்கு ஊர முடியாமல் வழியில் ஏழு தடவை ஆஃப் ஆகிவிட்டதாம்! பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டு வேனெல்லாம் ஹாரன் அடித்ததாம்.

“இந்த வண்டியில ஏதோ கோளாறு,” என்றார் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே. “மெதுவா போனா நின்னு போகுது.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஓட்டுறப்போ நல்லாத்தான ஓடுது?”

செல்வின் என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆராதனை எல்லாம் முடிந்து மண்டபத்துக்குக் கிளம்பும்போது அவர் கையிலிருந்து சாவியை நானே வாங்கிக்கொண்டேன். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவர் மிதிக்கிற மாதிரி மிதித்துப் பார்க்க வேண்டும், அதுதானே நியாயம்? இப்போதுதான் உங்களிடம் அவ்வளவு பேசினேன்.

ஆனால் அன்றைக்கு நான் என் காலால்தான் மிதித்தேன். நல்லாத்தான் ஓடுச்சு!